பல்லைப் புடிச்சுப் பாரு மருமவனே

மருமவனே, ஒரு காரியம் சொல்லுகேன், கோவப்படப்பிடாது. நம்ம ஊருச் சந்தையில ஒரு விளமீன் வாங்கணும்ணா ஒங்க அம்மை என்ன பண்ணுவா? செவுளைத் தூக்கிப் பாப்பா. வயித்தை அமுக்கிப் பாப்பா. எந்தக் கடப்புறத்து மீனு, எப்பம் கரையேறுச்சுண்ணு மீன்காரிகிட்ட நாலு கேள்வி கேப்பா. எல்லாம் கேட்டுட்டு, சொன்ன விலையில பாதிதான் தருவேம்பா. அவ வயித்துல பொறந்த பிள்ளை நீ. போன்ல வந்த ஒரு படத்தைப் பாத்துட்டு, அது யாரு, எந்த ஊருண்ணு ஒரு வார்த்தை கேக்காம பத்தாயிரம் ரூவாயைத் தள்ளி விட்டுட்டு வந்து, "மாமா, மனசு நெறைஞ்சு போச்சு"ங்க. நெறையும்லே. அந்தப் பைசா கெடச்சவனுக்கு ஒன்னைவிட நெறைஞ்சிருக்கும்.

தர்மம்ணு சொன்னா நமக்கு வாயி அடைச்சுப் போவும். கேள்வி கேட்டா பாவம்ணு ஒரு நெனப்பு. தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காதேண்ணு பெரியவிய சொன்னது மாட்டை வாங்குறவனுக்குல்லா? குடுக்குறவன், தான் குடுக்குற ஆளோட பல்லைப் பாக்கப்பிடாதுண்ணு எவன் சொன்னான்? நல்லாப் பாரு. ரொம்பச் சிரிச்சாம்ணா கடவாப்பல்லு வரைக்கும் பாரு. ஆத்துல போட்டாலும் அளந்து போடுண்ணு நம்ம கெழவிய சொன்னதை நீ கேட்டிருக்க மாட்ட, ஒனக்கு அப்பமும் காதுல ஒயரு கெடந்துது.

இந்த டிசம்பர் மாசம் வந்தாப் போதும், நம்ம மாவட்டத்துக்கே ஒரு எரக்கம் புடிச்சுக்கிடும். கோட்டாறு சவேரியார் கோயில் திருநாள் முடியும், சுசீந்திரத்துல மார்கழித் தேரு வரும், வீட்டுக்கு வீடு நட்சத்திரம், குடிலு. அரையாண்டுப் பரீட்சை லீவு. ஒன்னைப்போல துபாய், வெளிநாடுண்ணு போனவன் எல்லாம் பொட்டியும் படுக்கையுமா வந்து எறங்குவான். நம்ம குடும்பத்துல பாதிபேரு கோயிலுக்குப் போறாவ, பாதிபேரு அய்யாவழிப் பதிக்குப் போறாவ. முந்திரிக்கொத்து மட்டும் எல்லாரும் ஒத்துமையா திங்காவ. நல்ல மாசந்தான். ஆனா எரக்கம் எல்லாருக்கும் ஒரே நாள்ல வந்தா என்னலே ஆவும்? ஒரு பிள்ளையளு ஹோமுல இருவத்தஞ்சாம் தேதி காலையில கேக்கு. பதினோரு மணிக்கு ஒரு கூட்டம் பிரியாணி அண்டாவோட வரும். ரெண்டு மணிக்கு இன்னொரு கூட்டம், அதுவும் பிரியாணிதான். சாயந்திரம் ஒரு சங்கத்துக்காரன் பொரோட்டா. பிள்ளையளு பாவம், வாயி திங்கவும் வேணும், வந்தவன் போனைப் பாத்துச் சிரிக்கவும் வேணும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு டான்ஸ் ஆடிக் காட்டணும். "தேங்க் யூ அங்கிள்"ண்ணு ஒரே கொரலா ராகம் போடணும். ராத்திரி வார்டனுக்கு உள்ள வேலை ஓமத்தண்ணி காச்சுறது.

ஜூன் மாசம் வந்து பாரு, அந்த அங்கிள்மாருல ஒருத்தனையும் காணாது. பள்ளிக்கூடம் தொறந்து நோட்டு, பேகு, செருப்புண்ணு செலவு கழுத்தைப் புடிக்குற மாசம் அதுதான். மீன்பிடித் தடைக்காலமும் நம்ம மாவட்டத்துக்கு ஒண்ணு இல்ல, ரெண்டு. கெழக்க சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரைக்கும், மேக்க முட்டம், கொளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 தொடங்கி ஜூலை 31 வரைக்கும். ஒவ்வொண்ணும் 61 நாளு. விசைப்படகு எல்லாம் கரையில கெடக்கும். அதுல கூலிக்குப் போறவன் வீட்டுல அப்பம் என்ன ஒலை கொதிக்குதுண்ணு எவனாவது எட்டிப் பாக்கானா? ஆனி ஆடியில யாருக்கும் மனசு நெறையணும்ணு தோணாது. லீவு இல்லைல்லா.

பழைய பொம்பளையளு இதுக்கு ஒரு வழி வச்சிருந்தாவ. ஒலையில அரிசி போடுமுன்ன ஒரு பிடியை அள்ளித் தனிக் கலயத்துல போட்டு வைப்பாவ. பிடியரிசி. கலயம் நெறைஞ்சா கோயிலுக்குப் போவும், இல்லண்ணா இல்லாதவிய வீட்டுக்குப் போவும். போனது பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரியாது. நம்ம கிட்டதான் இது அத்துப் போச்சு. மிசோரம்ணு வடகெழக்க ஒரு மாநிலம் இருக்குல்லா, அங்க உள்ள சபைப் பொம்பளையளு 1910-லேருந்து இண்ணைய வரைக்கும் விடாம இதைச் செய்யாவ. வேளாவேளைக்கு ஒரு பிடி. அதைச் சேத்து வித்து சபை வேலை நடத்துகாவ, வருசத்துக்குக் கோடிக்கணக்குல போவுது அந்தப் பிடியரிசி. கிறிஸ்மஸ் தாத்தா வேசம் கெடையாது, ஜெனரேட்டர் கெடையாது. நீ ஒரு நாள்ல பத்தாயிரம் தள்ளுறதை, மாசம் எண்ணூறு ரூவாண்ணு வச்சு பன்னெண்டு மாசமும் குடுத்துப் பாரு. வாங்குறவிய அரிசிக் கடையில பற்று வைக்காம இருப்பாவ. ஒனக்கு மட்டும் கொஞ்சம் சப்புண்ணு இருக்கும், போட்டோ எடுக்க ஒண்ணும் இருக்காது.

நம்ம கேரல்ஸ் பயலுவ தூக்கிட்டு வாற டின்னைப் பாத்திருக்கியா? முன்னால "ஏழை எளியோர் நலனுக்கு"ண்ணு ஒட்டிருப்பான். ஜனவரியில கணக்குக் கேட்டா, டெம்போ வாடகை, ஜெனரேட்டர் வாடகை, தாத்தாவுக்குப் பஞ்சுத் தாடி, பாடுனவனுக்கு ஆப்பமும் கறியும், மிச்சம் நூத்திப்பத்து ரூவா. ஏழை எளியோர் எல்லாம் கமிட்டியிலயே இருக்கானுவ போல. குடுக்காதேண்ணு சொல்லல்ல, பனியில தொண்டை வறளப் பாடிட்டு வந்திருக்குவ பிள்ளையளு. அது சந்தோசக் காசு. அதைத் தர்மக் கணக்குல எழுதி ஆண்டவருகிட்ட ரசீது கேக்காத.

டிசம்பர் வசூல்ணா எப்படி இருக்கணும்ணு ஒரு வெள்ளைக்காரன் காட்டிட்டுப் போயிருக்கான். 1891-ல அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோ பட்டணம். ரட்சணிய சேனையில ஜோசப் மெக்ஃபீண்ணு ஒரு அதிகாரி. இல்லாதவனுக்கு கிறிஸ்மஸ் அண்ணைக்கு ஒரு நேரச் சாப்பாடு போடணும், கையில சக்கரம் இல்ல. படகுத்துறையில ஆளு போற வாற வழியில ஒரு நண்டுச் சட்டியைத் தொங்க விட்டாரு. எதுக்குக் காசு, என்னைக்குச் சோறு, எல்லாம் எல்லாருக்கும் தெரியும். போட்டானுவ, சோறும் வெந்துது. இண்ணைக்கும் உலகம் பூரா அந்தச் சட்டி தொங்குது. அதே சேனைக்காரரு ஹாரி ஆண்ட்ரூஸ் 1893-ல நம்ம நாகர்கோயில்ல ஒரு குளிமுறியில வச்சு மருந்து குடுக்கத் தொடங்குனதுதான் பொறவு கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியா வளந்துது. அவரு மொதல்ல தொடங்குனது ஒரு குளிமுறியில. இப்பம் உள்ளவன் மொதல்ல கெட்டுறது ஆர்ச்சு.

நம்ம மண்ணுக்கும் தர்மத்துல பெரிய பேரு உண்டும், தெரியுமா? 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம திருவிதாங்கூர் பக்கம்லா. 1871-ல சாமுவேல் மேட்டீர்ணு ஒரு மிஷனரி இந்த நாட்டைப் பத்தி எழுதுன பொஸ்தகத்துக்குத் தர்ம பூமிண்ணே பேரு வச்சாரு. கேக்க நல்லாத்தான் இருக்கும். உள்ள என்ன சங்கதிண்ணா, அரசாங்கம் ஊரு ஊருக்கு ஊட்டுப்புரை கெட்டி வேளை தவறாமச் சோறு போட்டுது. யாருக்கு? பிராமணங்களுக்கு. அந்தச் சோத்துக்கு வரி யாரு கெட்டுனது? வயல்ல எறங்குனவனும் பனையில ஏறுனவனும். ஏறுற ஏணிக்கும் வரி, தளைநாருக்கும் வரி. பசிச்சவன் காசுல வயிறு நெறைஞ்சவனுக்கு விருந்து வச்சு, அதுக்குத் தர்மம்ணு போர்டு மாட்டி, ஒரு ராச்சியமே நடந்திருக்குலே. அந்தக் காலத்துலதான் பக்கத்துச் சாமித்தோப்புல வைகுண்டசாமி எல்லாச் சாதியையும் ஒரே கெணத்துல தண்ணி எடுக்க வச்சு, ஒரே பந்தியில இருக்க வச்சாரு. 1851-ல அவரு போய்ச் சேந்தாரு, இண்ணைக்கும் அங்க போனா நீ யாருண்ணு கேக்காமச் சோறு விழும். அதனால எவனாவது பெருசா தர்மம்ணு போர்டு வச்சாம்ணா, காசு யாருது, வயிறு யாருது, நடுவுல நிக்கவன் யாருண்ணு ஒரு கண்ணு பாத்துக்கிடு. மேட்டீரு காலத்துலேருந்து மாறாத கேள்வி அது.

பழந்துணி மூட்டை ஒண்ணு வாசல்ல கட்டி வச்சிருக்கியாமே? ஒனக்கு 2004 டிசம்பர் 26 சுனாமி ஞாவகம் இருக்காது, சின்னப் பய. கிறிஸ்மசுக்கு மறுநாளு, ஞாயித்துக்கெழமை. மணக்குடிப் பாலத்தையே கடலு தூக்கிட்டுப் போச்சு. கொளச்சல், கொட்டில்பாடு, கீழமணக்குடி, எத்தனை சாவு. சனம் ஓடி ஓடி ஒதவுச்சு, அதுல கொறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா லாரி லாரியா வந்த துணி இருக்கே! நாகப்பட்டணம் வரைக்கும் கடக்கரை ரோட்டு ஓரம் எல்லாம் பழந்துணிக் குவியலு. பிஞ்ச சட்டை, கறை புடிச்ச பாவாடை, எவனோ வீட்டுல எடத்தை அடைச்சுக்கிட்டு கெடந்ததெல்லாம் வந்து கொட்டுனான். வீடு வாசல் போனவளுக்கு மானமும் போயிரணும்ணு நெனச்சானா? ஒருத்தியும் தொடல்ல. மாடு மேய்ஞ்சுது அதுல. டெல்லியில இருந்து கூஞ்ச்ணு ஒரு அமைப்பு வந்து அந்தத் துணியை வாரிட்டுப் போயித் தரம் பிரிச்சு, தைச்சு, வேற ஆளுவளுக்கு ஒதவுற சாமானா மாத்துனாவ. அதை நடத்துன அன்ஷு குப்தாவுக்கு 2015-ல மகசேசே விருது குடுத்தாவ. குப்பையைக் குடுத்தவனுக்கு ஒண்ணும் குடுக்கல்ல, பாத்துக்கிடு.

நாம மட்டும் இல்ல. 1998-ல மிட்ச் புயலு அடிச்சப்போ ஹோண்டுராஸ் நாட்டுக்குக் குளிருக்குப் போடுற கோட்டு மூட்டை மூட்டையா வந்து எறங்குச்சாம், அந்த வெயிலு ஊருக்கு. விமானம் ஓடுற தளத்துல துணி கெடந்து, நிவாரணச் சாமான் கொண்டுவந்த விமானம் எறங்க எடம் இல்ல. சுனாமிக்குப் பொறவு நம்ம கடக்கரையில வள்ளத்துக்கும் அந்தக் கதிதான். ஆளாளுக்கு வள்ளம் குடுக்க வந்து, சில ஊருல பழைய கணக்கைவிட வள்ளம் கூடிப் போச்சு. வள்ளம்ணா பேரு எழுதலாம்ல ரெண்டு பக்கமும். கழிவறை கெட்டிக் குடுன்னா எவனும் வரமாட்டான், அதுல பேரு எழுதுனா நல்லா இருக்காதுல்லா.

2023 டிசம்பர் வெள்ளத்துல நீயும் ஒரு டெம்போ நெறைய பிஸ்கட்டு அனுப்புனேம்பா ஒங்க அம்மை. காயல்பட்டணத்துல ஒரே நாள்ல 94 சென்டிமீட்டருக்கு மேல மழை, வீட்டுக்குள்ள கழுத்தளவு தண்ணி. மொத ரெண்டு நாளு பிஸ்கட்டு வேண்டியதுதான். பத்தாம் நாளு வேண்டியது பினாயிலு, வெளக்குமாறு, பாயி, அடுப்பு, நனைஞ்சுபோன ரேஷன் கார்டுக்கும் சர்டிபிகேட்டுக்கும் அலையுறதுக்குப் பஸ் காசு. அதைக் கேட்டாத்தான் தெரியும். குடுக்கதுக்கு முன்ன ஒரு போன் போட்டு "என்ன வேணும்"ணு கேட்டா நம்ம கவுரவம் கொறைஞ்சுபோவுமா?

சரி, நம்புறது யாரைண்ணு கேக்க. மொதல்ல போன்ல இருந்தே தொடங்கு, அதுதானே ஒன் கையில ஒட்டிக்கிட்டு கெடக்கு. அந்தக் கட்டம் போட்ட கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுன ஒடனே ஒரு பேரு வரும். நோட்டீசுல டிரஸ்ட்டு பேரு, போன்ல எவனோ ஒரு தனி ஆளு பேருண்ணு வந்தா அங்கனயே நிப்பாட்டு. ஒட்டிருக்க கோடு மேல இன்னொரு கோடு ஒட்டுற பயலும் உண்டும். ஆபரேசனுக்குண்ணு பிள்ளை படம் வந்தா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேளு, நெசம்ணா ஆஸ்பத்திரிக் கணக்குலயே கெட்டு. "அர்ஜென்ட், இண்ணைக்கு ராத்திரிக்குள்ள"ண்ணு வெப்ராளப்படுத்துனா, நீ பைய ஒரு சாயா குடிச்சுட்டு யோசி. ஏமாந்துட்டேண்ணு தெரிஞ்சா வெக்கப்பட்டு மூடி வைக்காத, ஒடனே 1930-க்குப் போடு.

பொறவு பேப்பரு. ரசீது கேளு. அதுல பதிவு நம்பரு, பான் நம்பரு, 80ஜி நம்பரு இருக்காண்ணு பாரு. நீ கேப்ப, துபாய்ல வருமான வரியே இல்ல, எனக்கு எதுக்கு மாமா 80ஜிண்ணு. ஒனக்கு வரிக்கழிவு கெடைக்கதுக்குச் சொல்லல்லலே. ரொக்கமா 2,000 ரூவாய்க்கு மேல குடுத்தா எவனுக்கும் அது கெடையாது, அரிசி துணியாக் குடுத்தாலும் கெடையாது, புது வரிமுறையில இருக்கவனுக்கும் கெடையாது. ஆனா அந்த அனுமதி வச்சிருக்கவன், யாருகிட்ட எவ்வளவு வாங்குனாம்ணு வருசாவருசம் வருமான வரி ஆபீசுக்கு எழுதி அனுப்பணும், குடுத்தவனுக்கும் ஒரு சான்று தரணும். 2021-லேருந்து அப்படி. கணக்கு எழுதுற பழக்கம் உள்ளவனாண்ணு பாக்கதுக்குத்தான் கேக்கச் சொல்லுகேன். நிதி ஆயோக்குல தர்ப்பண்ணு ஒரு வலைத்தளம் இருக்கு, அதுல பேரைத் தட்டிப் பாரு. நம்பரு இருந்தா அப்படி ஒரு அமைப்பு இருக்குண்ணு அர்த்தம், நடத்துகவன் யோக்கியன்ணு அர்த்தம் இல்ல. அந்த நம்பரையே பெருமையா நெத்தியில ஒட்டிக்கிட்டு வாறவனைக் கொஞ்சம் கூடுதலாப் பாரு.

பிள்ளையளு ஹோமுண்ணா இன்னும் கண்டிப்பு வேணும். 2015-ல வந்த இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு பண்ணாம ஹோமு நடத்தப்பிடாது. நடத்துனா ஒரு வருசம் வரைக்கும் செயிலு, இல்லண்ணா லட்சத்துக்குக் கொறையாத அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். பதிவு இருக்காண்ணு நாகர்கோயில்ல மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல கேட்டாச் சொல்லுவாவ. மதுரையில 2021-ல என்ன நடந்துது? நல்ல பேரோட இருந்த ஒரு டிரஸ்ட்டு. கொரோனாவுல செத்துப்போச்சு, பொதைச்சாச்சுண்ணு காயிதம் காட்டுன பிள்ளை, வேற வீட்டுல உயிரோட இருந்துது. போலீசு போயி மீட்டுது. பேரு எதுக்கு இப்பம், அண்ணைக்கு எல்லாப் பேப்பர்லயும் கெடந்துது. அங்கேயும் எத்தனை பேரு கேக்கு வெட்டிருப்பான், எத்தனை போட்டோ புடிச்சிருப்பான். பிள்ளையளு மூஞ்சியைப் போட்டோ புடிச்சுப் போடுறதே தப்பு. ஒன் மவன் வக்கத்துப்போயி ஒருத்தன் குடுத்த கேக்கைத் திங்கதை ஊரெல்லாம் பாத்தா ஒனக்கு எப்படி இருக்கும்?

நேர்ல போயிப் பாக்கணும்ணா பண்டிகை அண்ணைக்குப் போவாத. சும்மா ஒரு புதங்கெழமை, சொல்லாமப் போ. ஆபீசு ரூமுல ஷீல்டும் பொன்னாடை போட்ட படமும் இருக்கும், அதைப் பாத்து அசந்துராத. நேரா அடுக்களைக்குப் போ. அரிசிச் சாக்குல வண்டு இருக்காண்ணு பாரு. பொறவு கக்கூசைப் பாரு. கக்கூசுல தண்ணி வந்தா அந்த ஹோமு பாதி நல்ல ஹோமு. பிள்ளையளுக்க பாட நோட்டைப் பொறட்டு, கடைசியா எப்பம் எழுதுச்சுண்ணு தெரியும். நல்லா நடத்துகவிய நீ கேள்வி கேட்டா சந்தோசப்படுவாவ, "வாருங்க, இருங்க, கணக்கைப் பாருங்க"ண்ணு பழைய நோட்டு வரைக்கும் எடுத்துப் போட்டு ஒன்னை ஒக்கார வச்சிருவாவ. ஏண்டா கேட்டோம்ணு ஆயிரும். எவன் "எங்களைச் சந்தேகப்படுதீங்களா சார்"ண்ணு கண்ணு கலங்குதானோ, அவனுக்கு ஒரு கர்ச்சீப்பு குடுத்துட்டு வந்துரு. அதுக்கு மேல குடுக்காத.

இன்னொருத்தன் வருவான், "நீங்க தாறதுல நூத்துக்கு நூறும் ஏழைக்குத்தான் போவும், எங்களுக்கு நயா பைசா வேண்டாம்"ண்ணு. அவனையும் நான் நம்ப மாட்டேன். சோறு பொங்குறவளுக்குச் சம்பளம் வேண்டாமா? ஆடிட்டர் சும்மாவா கையெழுத்துப் போடுகான்? கரண்டு பில்லை யாரு கெட்டுகா? "இத்தனை ரூவா சம்பளம், இத்தனை ரூவா பெட்ரோலு"ண்ணு தொறந்து சொல்லுகவன்தான் ஆளு. அதே நேரம், போன்ல "சார், ஒரு குழந்தைக்கு"ண்ணு தேன் ஒழுகப் பேசுற பிள்ளை இருக்கா பாரு, சில எடத்துல அவளுக்குச் சம்பளமே வசூல்ல கமிசன்தான். அவளைத் திட்டாத, அவ வீட்டுலயும் அடுப்பு எரியணும். "முகவரி சொல்லும்மா, நேர்ல வாறேன்"ண்ணு சொல்லு. அவளே போனை வச்சுருவா.

ஒங்கூட்டுக்காரன் ஒருத்தன் கனடாக்காரனா ஆயிட்டானாமே, அவனும் கூடச் சேந்து குடுக்கணும்ணு சொல்லுகானாமே? அதுல ஒரு கண்ணி இருக்கு. நீ இந்திய பாஸ்போர்ட்டு, துபாய்ல சம்பாதிச்ச ஒன் பணத்தைப் பேங்கு வழியா இங்க ஒரு டிரஸ்ட்டுக்கு அனுப்புனா அது வெளிநாட்டுப் பணம் ஆவாது. அவன் வேற நாட்டுக் குடிமகன் ஆயிட்டாம்ணா, அம்மை அப்பன் அழகப்பபுரத்துல இருந்தாலும் அவன் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க எஃப்சிஆர்ஏ அனுமதி வேணும், 2020-ல திருத்துன சட்டப்படி டெல்லியில உள்ள ஸ்டேட் பேங்கு மெயின் கிளையில கணக்கு வேணும், மொதல்ல அங்கதான் பணம் விழணும். இது ஒண்ணும் இல்லாம "எங்கிட்ட அனுப்புங்க, நான் பாத்துக்கிடுகேன்"ண்ணு ஒருத்தன் சொன்னாம்ணா, அவன் நெசமாவே பாத்துக்கிடுவான்.

இம்புட்டுச் சொல்லி ஒன்னைப் பயங்காட்டி, குடுக்காம இருக்கதுக்கு வழி பண்ணிக் குடுத்துட்டேனாக்கும்ணு நெனைக்காத. கஞ்சனுக்குச் சந்தேகத்தைப் போல நல்ல சாக்கு கெடையாது, அது எனக்குத் தெரியும். நம்ம அரசுப் பள்ளிக்கூடத்துக்குப் போ, எச்செம்மைப் பாத்து என்ன கொறைண்ணு கேளு. "நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி"ண்ணு அரசாங்கமே 2022 டிசம்பர் 19-ல ஒரு ஏற்பாடு தொடங்கிருக்கு. இந்தப் பள்ளிக்கூடம், இந்தச் சாமான்ணு சொல்லியே குடுக்கலாம். பொறவு ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போ. ஒன் ஒடம்புல ரத்தம் உண்டும்லா? துபாய் பிரியாணி தின்னு ஊறுன ரத்தம், கொஞ்சம் குடுத்துட்டு வா. மூணு மாசத்துக்கு ஒருக்கா ஆம்பிளை குடுக்கலாம். அதுல ஒன் பேரை எழுத முடியாது, சின்ன மனவருத்தந்தான்.

ஸ்ரீவைகுண்டம் காலேஜுல நூலகரா இருந்த பாலம் கலியாணசுந்தரம் தெரியுமா? சம்பளத்தை வாங்குன கையோட இல்லாதவிய கையில குடுத்துட்டு, தான் திங்கதுக்கு ஓட்டல்ல வேலை பாத்தாரு மனுசன். 2023-ல பத்மஸ்ரீ குடுத்தாவ. அப்படி நீ ஆவணும்ணு நான் சொல்ல மாட்டேன். சொன்னா ஒங்க அம்மை வெளக்குமாத்தோட என் வீட்டுக்கு வந்துருவா, ஒன் பொண்டாட்டி அதுக்கு முன்னாலயே வந்துருவா. மாசம் எண்ணூறு. அது போதும் ஒனக்கு. ஜூன் மாசம் மறக்காம ஒரு ஆயிரம் கூட்டிப் போடு.

அந்தத் துணி மூட்டையை அவுத்து, நீ ஒனக்குத் தம்பியா இருந்தா எதைப் போடுவியோ அதை மட்டும் எடுத்துத் துவைச்சு, இஸ்திரி போட்டு வை. மத்தது தரை தொடைக்க ஆவும், அடுக்களையில குடு. பொறவு, பொட்டியில எனக்குண்ணு கொண்டாந்த கோடாலித் தைலமும் டார்ச்சு லைட்டும் எங்கலே? கீழவீட்டுச் சித்தப்பனுக்கு ரெண்டு பாட்டிலு குடுத்தேம்பாவ. அவரு முட்டு வலிக்குத் தேய்க்காரா, இல்ல மொதலாளியா இருந்து விக்காராண்ணு விசாரிச்சியா? என் விசயத்துல ஒரு விசாரணையும் வேண்டாம், நான் பதிவு இல்லாத ஹோமு. ரசீதும் கெடையாது. எடு.